தேரியில் நடைக்கு மஞ்சள், சைக்கிளுக்கு வெள்ளை

அந்த யோசனை எனக்கு ஓர் உடைமரப் புதருக்குள் உட்கார்ந்திருந்தபோது வந்தது. நானாகப் போய் உட்காரவில்லை. தேரியின் மேட்டில் நான் ஏறிக்கொண்டிருந்தேன், மேலேயிருந்து ஒரு சைக்கிள் இறங்கி வந்தது, தடமோ ஓர் ஆள் அகலம். அவன் வலப்பக்கம் ஒடித்தான், நானும் அந்தப் பக்கமே ஒதுங்கினேன். உடனே இரண்டு பேரும் சேர்ந்து மறுபக்கம் மாறினோம். கடைசியில் அவனுக்குச் செம்மணல் கிடைத்தது, எனக்கு முள் கிடைத்தது.

அவன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, முதலில் சைக்கிளுக்கு ஏதாவது ஆகியிருக்கிறதா என்று பார்த்தான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"பெல் அடிச்சேன்லா மேடம்?"

"பெல் அடிச்சா பறந்து போவணுமா?"

"கொஞ்சம் ஒதுங்கலாம்லா."

"ஒதுங்கித்தான் இங்கன கெடக்கேன். கண்ணு தெரியலையா?"

முழங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தேன். நிற்கும்போது தெரியாத ஒன்று, உட்கார்ந்திருந்ததால் கிளைகளுக்கு அடியில் தெரிந்தது. கொல்லாமரங்களுக்கு, அதாவது முந்திரி மரங்களுக்கு, அந்தப் பக்கம் இன்னொரு தடம், ஆடுகள் போட்டது, இதே மேட்டுக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு தடம் இருக்கும்போது எதற்காக எல்லாரும் ஒன்றிலேயே முட்டிக்கொள்கிறோம்? நடப்பவர்களுக்கு அது, சைக்கிளுக்கு இது. எழுந்து நிற்பதற்குள் முழுத் திட்டமும் தயாராகிவிட்டது. யோசனை வருவதில் எனக்கு எப்போதும் தாமதம் கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்தான் வீட்டில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

வீணை ஆறு மாதம், ஜப்பானிய மொழி இரண்டு மாதம், வீட்டு மாடியில் காளான் வளர்ப்பு ஒரே ஒரு பை. நான் தேரிக்கு நடக்கப் போகிறேன் என்று சொன்ன முதல் சனிக்கிழமை அம்மா கேட்டது, "இதாவது ஒரு பெருநாளத் தாண்டுமா?" என்றுதான். தாண்டிவிட்டது. கிறிஸ்துமஸும் தாண்டி, தவக்காலம் வந்தபோதும் நான் போய்க்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு தூத்துக்குடியில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில். மணல் என்றால் எனக்கு வெள்ளை, ஈரம், நண்டு. காடு என்றால் மாப்பிள்ளையூரணி தாண்டியதும் பஸ் ஜன்னலில் தெரியும் சீமைக்கருவேலம். ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எந்தக் கப்பல் எப்போது உள்ளே வரும், எது வெளியே போகும், வழிகாட்டிக் கொண்டுவரும் பைலட் எப்போது கப்பலில் ஏறுவார் என்று நாள் முழுக்கக் கேட்பதும் சொல்வதும்தான் வேலை. பக்கத்து மேசைக்காரி சாத்தான்குளத்துப் பெண். அவள் குடும்பத்துக்கு அங்கே பலசரக்குக் கடையும், ஊருக்கு வெளியே விளை என்று அவர்கள் சொல்லும் பனந்தோப்பும் உண்டு. வாரம் முழுக்க விடுதியில் இருந்துவிட்டு சனிக்கிழமை ஊருக்குப் போவாள். ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். "வாளா, எங்க ஊர்ல ஒரு செவப்புக் கடல் கெடக்கு, காட்டுதேன்," என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. தேரி என்பது அலையலையாக எழுந்து நின்ற செம்மணல். அலை என்று சொன்னதால் வெறும் மணல் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே நடையில் நாலைந்து காடுகள் மாறும். தொடக்கத்தில் வரிசை பிடித்த பனைகள், காய்ந்த ஓலை உரசும் சத்தம். அதைத் தாண்டினால் வனத்துறை வைத்த கொல்லாமரங்கள். கிளைகள் தரையோடு படர்ந்திருப்பதால் குனிந்துதான் போக வேண்டும், மாசியில் பூத்தால் ஒரு புளித்த இனிப்பு வாசம். பிறகு உடைமரமும் முள்ளும். அதற்கும் மேலே ஒன்றுமே இல்லாத செம்மேடு, காலை வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். உச்சியில் நின்றால் கிழக்கே கடல் ஒரு கோடாகத் தெரியும். கீழே பள்ளத்தில் மயில்கள் இருக்கும். அவை கத்துவது எங்கள் பக்கத்துவீட்டுப் பெண்மணி மீன்காரரைக் கூப்பிடுவது போலவே இருக்கும்.

இத்தனைக்கும் நடுவே தடங்கள், வலை விரித்த மாதிரி. ஆட்டுத்தடம், பனையேறப் போகிறவர்களின் தடம், விறகுக்குப் போகிற பெண்களின் தடம், சாத்தா கோயிலுக்குப் போகிற தடம், இவை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வனத்துறையின் ஜீப் பாதை. நாங்கள் கிழக்குப் பக்கம் ஏறி, மேட்டின் மறுபுறம் ஜீப் பாதையில் இறங்குவோம். தூத்துக்குடியிலிருந்து வரும் சைக்கிள்காரர்கள் அப்படியே எதிர்மாறு. ஜீப் பாதையில் மேலே ஏறி, கிழக்குச் சரிவில் பாய்ந்து இறங்குவார்கள். தடித்த டயர், கியர், தலைக்கவசம், எல்லாம் உண்டு. மழை பெய்த மறுநாள் அவர்களைக் கையில் பிடிக்க முடியாது. அன்றைக்கு மணல் இறுகியிருக்கும். டயர் புதையாது.

என்னை முள்ளில் தள்ளியவன் அவர்களில் முதலாள். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. கப்பலைக் கட்டி இழுக்கும் அந்த டக் படகு மணிக்கு எத்தனை மெதுவாகப் போகுமோ, அதற்கு ஈடுகட்டுவது போல ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் விடுவான். என் திட்டத்தை அந்தப் புதரடியிலேயே அவனிடம் சொன்னேன். அவன் முள்ளைப் பார்த்தான், தடத்தைப் பார்த்தான்.

"சரிதான். ஆனா பாரஸ்டர் ஒத்துக்கிடணும்லா?"

அதுதான் விஷயம். வனத்துறைக்காரருக்கு எங்கள் இரண்டு கூட்டத்தின்மீதும் அதற்கு முன்பே கோபம். விறகுக் கட்டோடு வந்த ஒரு பெண்ணைச் சைக்கிள் உரசிவிட்டதாக அவருக்குப் புகார் போயிருந்தது. நாங்கள் மயிலை விரட்டுகிறோம் என்று இன்னொரு புகார், அது பொய். இரண்டு பேரையும் மொத்தமாக உள்ளே விடாமல் செய்துவிட்டால் அவருக்குத் தலைவலி தீர்ந்தது. எனக்கோ, நானாகத் தேடிப் பிடித்து, நானாக விடாமல் வைத்திருந்த ஒரே இடம் அது. அதை ஒரு சங்கிலியும் பூட்டும் போட்டு மூட விடுவதாக இல்லை.

அடுத்த வாரமே நானும் தோழியும் அவரைப் போய்ப் பார்த்தோம். மோட்டார் சைக்கிளில் ஏறப்போனவரைப் பிடித்து நிறுத்தியது தோழிதான்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்."

"நான் என்ன கடையா வச்சிருக்கேன்? சார்னு சொல்லு."

"சரி அண்ணாச்சி."

நான் குறுக்கே புகுந்து, மணலில் குச்சியால் இரண்டு கோடு போட்டு விளக்கினேன். கொல்லாமரத்துப் பக்கம் நடை. சரிவுப் பக்கம் சைக்கிள். அடிவாரத்தில் இருக்கிற பெரிய உடைமரத்தில் இரண்டும் பிரியும், உச்சியில்தான் மறுபடி சேரும். நடுவில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட வழியில்லை. அவர் கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.

"புது ஆளு வந்தா எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"அடையாளம் வைப்போம் சார்."

"பெயிண்ட் அடிக்கப்பிடாது. ஆணி அடிக்கப்பிடாது. பிளாஸ்டிக் ஒரு துண்டு கெடக்கப்பிடாது."

"துணி கட்டலாமா?"

"துணி கட்டிக்கோ." பிறகு வண்டியை உதைத்துக்கொண்டே சொன்னார், "ஒரு ஞாயித்துக்கிழம. பங்குனி உத்திரம் முடிஞ்ச பொறவு. நானே வந்து பாப்பேன். நடக்குதவன் மேல சைக்கிளு ஏறிச்சோ, ரெண்டு கூட்டத்துக்கும் சேத்துக் கேட்டப் போட்டுருவேன். பொறவு எங்கிட்ட வரப்பிடாது."

ஒரு ஞாயிறு போதும் என்று எனக்குத் தோன்றியது. திரும்பி நடக்கும்போது தோழி, "என்னளா, அவர் கேட்டப் போடுவேங்காரு, நீ சிரிச்சிக்கிட்டு வார?" என்றாள். கேட் போடுவேன் என்று சொன்னவர் இதுவரை போடவில்லை என்பதுதான் எனக்குக் கேட்டது.

துணி அவள் வீட்டிலிருந்து வந்தது. அவள் அப்பாவின் பழைய வேட்டிகள், துவைத்துத் துவைத்து மெலிந்தவை, நாடாவாகக் கிழிக்க அருமையாக இருந்தன. இரண்டு தடத்துக்கு இரண்டு நிறம் வேண்டும். என் முதல் யோசனை சிவப்பும் பச்சையும், கடலில் மிதவைகளுக்கு இருப்பது போல. செம்மணலில் சிவப்பும் மரத்தில் பச்சையும் யார் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டு அவள் அதை அங்கேயே முடித்துவிட்டாள். "வெள்ளைய அப்படியே விடு. மிச்சத்த மஞ்சள்ல முக்கிருவோம். காட்டுக்கு ஒரு கெடுதலும் இல்ல, தூரத்துலயும் பளிச்சுன்னு தெரியும்."

எனக்கு அது அபாரமாகப் பட்டது. எங்கள் வீட்டிலேயே முக்கினோம். அம்மா குசினிக்குள் வந்து பார்த்துவிட்டு, தன் பெரிய சட்டியை மட்டும் மீட்டுக்கொண்டு போனாள். மொட்டைமாடிக் கொடியில் மஞ்சள் நாடாக்கள் ஆடின. மூன்று பேரில் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. நானும் அம்மாவும் கோயில் என்றால் மாதா கோயில் என்று வளர்ந்தவர்கள், எங்களைக்கூட விட்டுவிடலாம். தோழி, ஒவ்வொரு வருஷமும் மஞ்சள் துணியில் காசு முடிந்துவைக்கிற வீட்டுப் பெண். அவளிடம் பிறகு கேட்டதற்கு, "நான் சாமிய நெனச்சா முக்குனேன்? சைக்கிள நெனச்சுல்லா முக்குனேன்," என்றாள். அதற்கு மேல் என்ன கேட்பது?

துணி கட்டும் நாளன்று டக் படகுக்காரனும் வந்திருந்தான். வெள்ளை நாடாக்கள் அவன் பொறுப்பு. பெரிய உடைமரத்தில் இடப்பக்கக் கிளையில் மஞ்சளும் வலப்பக்கக் கிளையில் வெள்ளையும் கட்டினோம். அங்கிருந்து நாங்கள் கொல்லாமரங்களுக்குள் மஞ்சள் கட்டிக்கொண்டு போனோம், அவன் சரிவில் வெள்ளை கட்டிக்கொண்டு போனான். மரங்களுக்கு ஊடாகச் சத்தம் மட்டும் வந்தது.

"மேடம், உங்க பக்கம் நெழலு. எங்க பக்கம் வெயிலு. இது என்ன நியாயம்?"

"வேகமாப் போறவனுக்கு நெழல் எதுக்குலே?" என்றாள் தோழி.

உண்மையில் அவன் பக்கத்தில்தான் நல்ல நிழல் இருந்தது. சரிவின் பாதியில் மணல் கொஞ்சம் சமமாகி, நாலைந்து பெரிய உடைமரங்கள் குடைபோல நிற்கும் ஓர் அகலமான இடம் உண்டு. அதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை.

பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் குலதெய்வமான சாத்தாவின் கோயிலுக்குப் போகும். சாத்தா எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊருக்கு. சென்னையிலும் பம்பாயிலும் இருப்பவர்கள்கூட வந்துவிடுவார்கள். தோழியின் குடும்பத்துச் சாத்தா வேறு ஊரில் இருந்தார். அவள் அங்கே போனாள். தேரியின் ஓரத்தில் இருக்கும் சாத்தாவுக்கு உரிய குடும்பங்கள் வேன் வேனாகத் தேரிக்கு வந்தன. எனக்கு அன்று அலுவலகத்தில் ஒரு நிலக்கரிக் கப்பல். உத்திரம் முடிந்தது, இனி நம் ஞாயிறு என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

அந்த ஞாயிறு விடிந்தபோது நான் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். தோழி, சைக்கிள்காரர்களோடு ஜீப் பாதை வழியாக முன்பே உச்சிக்குப் போய்விட்டாள். இரண்டும் தனித்தனித் தடம் என்பதால் இரண்டு கூட்டமும் ஒரே நேரத்தில் புறப்படலாம். அதுதான் திட்டத்தின் அழகு. நடக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், எங்கள் அலுவலகமும் பக்கத்து அலுவலகமும். முன்னால் நடக்க எங்கள் அக்கவுண்டன்ட்டை நிறுத்தினேன். தருவைகுளத்துக்காரர், ஐம்பது வயது, இதற்காகவே புது ஷூ வாங்கியிருந்தார், தேரிக்கு அன்றுதான் முதல்முறை வருகிறார். வேண்டுமென்றேதான் அவரை நிறுத்தினேன். ஒன்றும் தெரியாத ஆள் துணியை மட்டும் பார்த்து மேலே போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் என் அடையாளம் அடையாளம்.

"யார்ட்டயும் வழி கேக்கக்கூடாது சார். மஞ்சள் துணி. அது ஒண்ணுதான்."

"மஞ்சள் துணி. புரிஞ்சிட்டு பாப்பா. நீ கவலைய விடு."

அவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். பாரஸ்டர் இன்னும் வரவில்லை. அவர் வந்து பார்க்காவிட்டால் எல்லாம் வீண் என்பதால் நான் பனைகளுக்கு அடியில் காத்திருந்தேன். மோட்டார் சைக்கிள் மணலில் திணறித் திணறி வந்து நின்றது. இறங்கியதும் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "நடப்பமா?" என்றார்.

பெரிய உடைமரத்தின் அடிக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் நின்றுவிட்டேன். மரமே மஞ்சளாக இருந்தது. இடக்கிளை, வலக்கிளை, கைக்கு எட்டிய கொம்பு ஒவ்வொன்றிலும் மஞ்சள் துணி. சிலவற்றில் காசு முடிந்திருந்தது. அடிமரத்தில் சந்தனம், குங்குமம், கீழே ஒரு பெரிய வாழையிலைத் துண்டும் அணைந்த கற்பூரக் கறையும். எங்கள் ஒற்றை நாடா எதுவென்று எனக்கே தெரியவில்லை.

"நீ இவ்வளவா கட்டுன?" என்றார் பாரஸ்டர்.

"ஒண்ணே ஒண்ணு சார்."

வலப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். சரிவுத் தடத்தில், கண்ணுக்கெட்டிய வரை, வெள்ளைக்குப் பக்கத்திலேயே மஞ்சள். வெள்ளையைவிட அதிகமாக மஞ்சள். உத்திரத்துக்கு வந்தவர்கள் நாங்கள் கட்டிய துணியைப் பார்த்திருக்கிறார்கள். மரத்தில் மஞ்சள் துணி இருந்தால் அங்கே ஒரு சாமி இருக்கும், அது யாருக்கும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை. ஆளுக்கொரு துணி கட்டியிருக்கிறார்கள். பிறகு பொங்கல் வைக்க நல்ல நிழல் தேடி, அந்த அகலமான இடத்துக்குப் போகும் வழியெல்லாம் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

மணலில் காலடித்தடம் தெளிவாக இருந்தது. அக்கவுண்டன்டின் புது ஷூ முன்னால், மற்றவர்கள் பின்னால், எல்லாம் வலப்பக்கம். சைக்கிள் தடத்தில்.

போனை எடுத்தேன். பள்ளத்தில் டவர் கிடையாது, எப்போதுமே கிடையாது. பாரஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார், மெதுவா வாங்க," என்று சொல்லிவிட்டு ஓடினேன். செம்மணலில் ஓடுவது என்றால் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் வரும். கூப்பிட்டுப் பார்த்தேன். காற்று எதிர்ப்பக்கம். மேட்டுக்கு அப்பாலிருந்து சைக்கிள் சங்கிலிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

கழுத்தில் விசில் தொங்கியது. பின்னால் வருகிறவர்களை ஒழுங்குபடுத்த எடுத்து வந்தது. வெறுமனே ஊதினால் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக வருவார்கள். எப்படி ஊதுவது என்று நான் யோசித்ததாக நினைவில்லை. ஐந்து குட்டை ஊதல், சின்ன இடைவெளி, மறுபடி ஐந்து. கடலில் எதிரே வரும் கப்பல் என்ன செய்யப்போகிறது என்று புரியாமல் ஆபத்து வந்தால் சங்கை அப்படித்தான் ஊதுவார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த எங்களுக்குப் பால்குடியிலேயே பழகிய சத்தம். அதற்கு அர்த்தம் ஒன்றுதான், நீ நில்லு.

டக் படகுக்காரன்தான் முன்னால் வந்துகொண்டிருந்தான். அவன் பிறகு எனக்குச் சொன்னது, "மூளைக்குப் போகல மேடம், கைக்குப் போயிட்டு, பிரேக்க அழுத்திட்டு." நிறுத்தியதோடு சைக்கிளைத் தடத்துக்குக் குறுக்கே சாய்த்துப் போட்டிருக்கிறான். இரண்டாவது ஆள் அவன்மேல், மூன்றாவது ஆள் இரண்டாவது ஆள்மேல். மணல் என்பதால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அந்த அகலமான இடத்தில், மஞ்சள் துணி தொங்கும் உடைமரத்துக்கு முன்னால், ஐந்தாறு பேர் குப்புறக் கிடந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் கீழ்வளைவிலிருந்து எங்கள் அக்கவுண்டன்ட் வந்து சேர்ந்தார். சந்தனம் பூசிய மரத்தைப் பார்த்தார், கீழே கிடந்தவர்களைப் பார்த்தார், ஷூவைக் கழற்றத் தொடங்கினார்.

"பரவால்ல, இந்தக் காலத்துப் பையங்க சாமிக்கு இப்படி விழுந்து கும்புடுதிய," என்றார்.

"நாங்க கும்புடல சார். விழுந்து கெடக்கோம்," என்றது அடியில் இருந்த ஒரு குரல்.

நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தேன். எனக்குப் பின்னால் பாரஸ்டர் வந்தார். மேலேயிருந்து தோழி ஓடி வந்தாள். எல்லாரும் வரிசையாக அவர் முகத்தையே பார்த்தோம். அவர் சைக்கிள் குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"நான் என்ன சொன்னேன்?"

"நடக்குறவங்க மேல சைக்கிள் ஏறக்கூடாதுன்னு சொன்னீங்க சார்," என்றேன். "ஏறல."

"அப்ப இவனுவ?"

"அது அவங்களுக்குள்ள சார்."

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று சொல்ல முடியவில்லை. "உங்க மஞ்சள் துணிய எல்லாம் அவுத்துட்டு எடத்தக் காலி பண்ணுங்க," என்றார். பிறகு மரத்தைப் பார்த்தார். எதை அவிழ்ப்பது? எங்களுடையது எது, நேர்ந்துகொண்டவர்களுடையது எது?

அப்போது ஜீப் பாதைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. உத்திரத்தன்று வர முடியாமல் ஞாயிறுக்கு வந்தவர்கள். அந்த அம்மாள் கையில் புது மஞ்சள் துணி இருந்தது. சைக்கிள்களைத் தாண்டி மரத்தடிக்கு வந்து, தோழியிடம், "இங்கன எந்தச் சாமிம்மா? எங்க மதினி சொன்னா, புதுசா வந்துருக்காருன்னு," என்றார்.

தோழி என்னைப் பார்த்தாள். நான் பாரஸ்டரைப் பார்த்தேன். அவர் மேட்டைப் பார்த்தார்.

"தடம் காட்டுத சாமி, சித்தி," என்றாள் தோழி.

"நல்லாருக்கு. எம்மவன் போன வாரந்தான் மொத மொதல்ல கப்பலுக்குப் போயிருக்கான். எங்கன இருக்கான்னே தெரியல." சொல்லிக்கொண்டே துணியைக் கட்டினார். முடிச்சை இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார். டக் படகுக்காரன் எழுந்து, தன் சைக்கிளை அவர் நிற்க வசதியாக ஓரமாக நகர்த்தினான்.

அவர்கள் போன பிறகு பாரஸ்டர் குரல் தாழ்ந்திருந்தது. "நான் அவுக்க மாட்டேன். நீங்களும் தொடப்பிடாது. இனிமே இந்தச் சரிவுல சனம் வரும், புள்ளைய வரும். இங்கன சைக்கிள் கெடையாது. இதுக்கு ஒரு முடிவு கட்டியாச்சு."

சைக்கிள்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவர் 'இங்கன' என்றுதான் சொன்னார். தேரி முழுக்க என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், இந்தச் சரிவு சாமிக்கு. சரி. கொல்லாமரத்துப் பக்கம் நடை இருக்கட்டும். சைக்கிளுக்கு மேட்டோட வடக்குக் கரை. அங்க கோயிலும் இல்ல, நெழலும் இல்ல, யாரும் பொங்கல் வைக்க வர மாட்டாங்க. ரெண்டும் உச்சிலதான் சேரும். இன்னொரு ஞாயிறு மட்டும் குடுங்க."

"அங்கன மரமே கெடையாதே. எதுல அடையாளம் வப்ப?"

"மரம் இல்லாததுதான் சார் நல்லது."

அவர் யோசித்தார். "துணி கெடையாது."

"துணி கிடையாது."

"மரத்தத் தொடப்பிடாது."

"தொட மாட்டோம். ஒண்ணு மட்டும் சார். இந்தத் தடவை முன்னால புது ஆளா நீங்க நடக்கணும்." அவருக்கு இரண்டு தடமும் புதிது என்று எனக்குத் தெரியும். அவர் தேரியை எப்போதும் மோட்டார் சைக்கிளிலிருந்துதான் பார்ப்பார். "நீங்க தப்பான தடத்துல போயிட்டீங்கன்னா, அன்னைக்கே நீங்க கேட் போடுங்க. நானே பூட்டு வாங்கித் தாரேன்."

"ஏளா," என்று தோழி என் கையைக் கிள்ளினாள். அவர் அதற்குள் சரி என்று தலையாட்டிவிட்டார்.

இறங்கி வரும்போதே சண்டை தொடங்கிவிட்டது. மணலில் குச்சி நடலாம் என்றேன். காய்ந்த குச்சி கிடந்தால் மறுநாளே யார் வீட்டு அடுப்பிலாவது இருக்கும் என்றாள் தோழி. கல் வைக்கலாமா? தேரியில் கல்லுக்கு எங்கே போவது? டக் படகுக்காரன் பழைய வடக்கயிறு கொண்டுவரவா என்று கேட்டான். அது நைலான், பாரஸ்டர் அவனையே அதில் கட்டிவிடுவார்.

பனைகளுக்கு அடியில் வந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் தோழி சொன்னாள், "பச்ச மட்ட." அவர்கள் விளையில் பனையைச் சீர் செய்யும்போது வெட்டிப்போடும் மட்டைகள் குவிந்து கிடக்கின்றன. ஆள் உயரத்துக்கு நிற்கும், ஓரமெல்லாம் ரம்பப்பல் மாதிரி கருக்கு, ஆடு கடிக்காது. பச்சையாக இருக்கும்வரை எரியாது, அதனால் யாரும் விறகுக்கு எடுக்க மாட்டார்கள். காய்ந்த பிறகு எடுத்துக்கொள்ளட்டும், நாங்கள் புதிது நட்டுக்கொள்வோம். கும்பிடுகிறவர்கள்? இந்த ஊரில் பனைமட்டையைப் பார்த்து யாருக்கும் சாமி ஞாபகம் வராது என்று அவள் சத்தியம் செய்கிறாள். இந்த விஷயத்தில் அவளுடைய சத்தியத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்வதாக இல்லை. அவள் அப்பாவிடமும் கேட்டு வைத்திருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை நடுகிறோம். நடைத் தடத்தில் மட்டை நேராக நிற்கும். சைக்கிள் தடத்தில் போகிற திசைக்குச் சாய்ந்திருக்கும், வேகத்தில் வருகிறவனுக்கும் தெரிகிற மாதிரி. சாய்த்து நட்டது மணலில் நிற்குமா என்று அலுவலக மாடியில் ஒரு சிமெண்ட் சட்டி மணலில் குத்திப் பார்த்தேன், நின்றது. சட்டியில் காற்று இல்லை, அது வேறு. ஆனியில் கச்சான் காற்று கிளம்பினால் வடக்குக் கரையில் மணலே நடக்கத் தொடங்கிவிடும். அதற்குள் எத்தனை ஞாயிறு கிடைக்கிறதோ அத்தனையிலும் ஏறிப் பார்த்துவிட வேண்டும். முதல் ஞாயிறு பாரஸ்டர் முன்னால் நடப்பார். ஷூ வேண்டாம், செருப்பே போதும் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.